இருவரும் சம்மதித்தால் போதாது: யாழ்ப்பாணத்து மணமுறிவின் சட்டக் கதை

"ரெண்டு பேருக்கும் சரிவரேல்லை, பேசிப் பிரிஞ்சிட்டினம்."

இந்த வசனத்தை எங்கட ஊர்களில இப்ப சாதாரணமாகக் கேட்கலாம். இருபது முப்பது வருடத்துக்கு முதல் குரலைத் தாழ்த்திச் சொன்ன விசயம், இப்ப தேத்தண்ணி குடிக்கேக்க சொல்லுற விசயமாகி விட்டது. கேட்கிற ஆளும் "அதுவும் நல்லதுதான், சண்டை பிடிக்காமல் பிரிஞ்சது" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கதைக்குப் போயிடுவார். இரண்டு பேரும் சம்மதித்துவிட்டால் மிச்சம் நீதிமன்றத்தில் ஒரு கையெழுத்து மட்டும்தான் என்பது பொதுவான எண்ணம். தமிழ்நாட்டுப் படங்களும் சீரியல்களும் இந்த எண்ணத்தை நல்லா ஊட்டி வளர்த்திருக்கு. அங்கே கதாநாயகனும் நாயகியும் நீதிபதிக்கு முன்னால் நின்று "பரஸ்பர சம்மதம்" என்பார்கள், காட்சி முடிந்துவிடும்.

கொழும்புத்துறையில் கலியாணம் கட்டிய ஒரு தமிழ்ச் சோடிக்கு அந்தக் காட்சி கிடைக்காது. இலங்கையின் பொதுச் சட்டத்தில் பரஸ்பர சம்மதம் என்று ஒரு விவாகரத்துக் காரணம் இல்லை. அதோடு விட்டாலும் பரவாயில்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்டுதான் வழக்குப் போட்டிருக்கினம் என்று நீதிமன்றம் கண்டால், அந்த வழக்கைத் தள்ளிவிடவே சட்டம் சொல்கிறது. அதாவது, எங்கட சட்டத்தில் சம்மதம் ஒரு காரணம் இல்லை. அது ஒரு தடை.

ஏன் இப்படி? "எங்கட பண்பாடு அப்படி" என்று ஒரு பதில் எப்பவும் தயாராக இருக்கும். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கிறது. இதே தீவில், இதே யாழ்ப்பாணத்தில்கூட, சம்மதத்தின் பேரில் பிரியக்கூடிய தம்பதிகள் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்த வழி இல்லாமல் போனதற்குத் தமிழ்ப் பண்பாட்டைவிட, ஒல்லாந்திலிருந்து கப்பலேறி வந்த ஒரு வேத வியாக்கியானமே கூடுதல் காரணம்.

தேசவழமை எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை எழுத்தில் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர் என்பது தெரிந்த கதை. ஆளுநர் கொர்னேலிஸ் சைமன்ஸ் காலத்தில், யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வேலை பார்த்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி அவற்றைத் தொகுத்தார். அது தமிழாக்கப்பட்டு, 12 முதலியார்கள் வாசித்துச் சரிபார்த்த பிறகு, 1707 இல் சட்டமாக வெளியானது. பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். சீதனம், முதுசம், தேடியதேட்டம், ஈடு, ஒற்றி, சுவீகாரம், கடன் என்று காணி பூமியைச் சுற்றியே அந்தத் தொகுப்பு ஓடும்.

அதை மணமுறிவு என்ற கண்ணோடு வாசித்தால் இரண்டு விசயங்கள் தெரியும்.

முதலாவது, மறுமணம் அதில் ஒரு அதிசயமாக இல்லை. கணவனை இழந்த பெண் மறுபடி கட்டினால் பிள்ளைகளுக்கு என்ன, மனைவியை இழந்த ஆண் மறுபடி கட்டினால் தாயின் சீதனம் யாரிடம் போகும், பிள்ளைகளைத் தாய்வழிப் பேரன் பேத்தி எப்படிப் பொறுப்பேற்பது எண்டெல்லாம் விலாவாரியாக எழுதியிருக்கு. விதவை மறுமணத்தைப் பற்றி 19 ஆம் நூற்றாண்டில் பிறந்த கூச்சம் 1707 இன் யாழ்ப்பாணத்தில் அதே அளவில் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது, கணவன் மனைவி மனவேறுபாட்டால் பிரிந்து வாழ்வதும் அதில் வருகிறது. நன்கொடைகளைப் பற்றிய பகுதியில் அது இருக்கு. அப்படிப் பிரிந்தால் பிள்ளைகள் பெரும்பாலும் தாயோடுதான் நிற்பார்கள் என்று தொகுப்பு சொல்கிறது. அந்த நிலையில் கணவன் மனைவியின் சீதனத்திலிருந்து எதையும் தன்பாட்டில் தானம் கொடுக்க முடியாது. ஒன்றாக வாழ்ந்தால் விதி வேறு.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. முந்நூறு வருடத்துக்கு முன்னரே பிரிந்து வாழ்கிற சோடிகள் இங்கே இருந்திருக்கினம். அதுக்கெண்டு ஒரு சொத்து விதி தேவைப்படுகிற அளவுக்கு இருந்திருக்கினம். ஆனால் அந்தப் பிரிவு எப்படித் திருமணத்தை முடித்து வைக்கும் என்று தொகுப்பு விதிக்கவில்லை. காணிக்கு என்ன நடக்கும் என்பதே ஒல்லாந்தர் கேட்ட கேள்வி. தாலிக்கு என்ன நடக்கும் என்பது அவர்களின் கேள்வியாக இருக்கவில்லை. அந்த இடம் காலியாக விடப்பட்டது. தேசவழமை பேசாமல் விட்ட இடத்தை உரோமன் டச்சுச் சட்டம் நிரப்பியது.

ஒல்லாந்திலிருந்து வந்த இரண்டு காரணங்கள்

அந்தச் சட்டம் எங்கேயிருந்து வந்தது? ஆரம்பத்தில் உரோமர்களுக்கு சம்மதப் பிரிவு ஒரு பிரச்சினையே இல்லை. சேர்வதற்குச் சம்மதம் போதுமென்றால் பிரிவதற்கும் போதும் என்பது அவர்களின் நியாயம். கிறிஸ்தவப் பேரரசன் ஜஸ்டீனியன்தான் 542 இல் அதைத் தடை செய்தார். துறவறம் போக விரும்பினால் மட்டும் விலக்கு. அந்தத் தடை கால் நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. அவருக்குப் பின் வந்த இரண்டாம் ஜஸ்டின் 566 இல் அதை நீக்கினார். வெறுப்போடு கட்டிப்போடப்பட்ட தம்பதிகள் ஒருவருக்கொருவர் சூழ்ச்சி செய்கிற நிலை வந்துவிட்டது என்பதையே அவர் காரணமாகக் காட்டினார்.

பிறகு மேற்கு ஐரோப்பாவில் திருமணம் திருச்சபையின் கைக்குப் போனது. கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திருமணம் ஒரு அருட்சாதனம், அது முறிக்க முடியாதது. 16 ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தக்காரர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் அவர்களும் வேதாகமத்துக்கு வெளியே போகத் தயாராக இல்லை. வேதத்தைத் தேடி இரண்டு கதவுகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று மத்தேயு நற்செய்தியின் 19 ஆம் அதிகாரத்திலிருந்து வந்த விபசாரம். மற்றது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 7 ஆம் அதிகாரத்திலிருந்து வந்த கைவிட்டுப் போதல். இந்த இரண்டும் ஒல்லாந்தின் சட்டத்துக்குள் வந்தன, அங்கிருந்து கப்பலேறி இங்கே வந்தன.

இப்ப இன்றைய சட்டத்தைப் பாருங்கோ. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், 19 ஆம் பிரிவு. திருமணத்தை முறிக்க மூன்று காரணங்கள் மட்டுமே: திருமணத்துக்குப் பின்னான விபசாரம், தீய நோக்கோடு கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மைக்குறைவு அல்லது உடலுறவுக்கு இயலாமை. முதல் இரண்டும் அப்படியே மத்தேயுவும் பவுலும்தான்.

கொழும்புத்துறையில் யோகர் சுவாமிகள் வாழ்ந்த குடிலும் இருக்கு, கத்தோலிக்கக் குருமாரை உருவாக்குகிற புனித சவேரியார் குருத்துவக் கல்லூரியும் இருக்கு. சைவமும் கத்தோலிக்கமும் ஒரே ஊருக்குள் வாழுகிற இடம். ஆனால் அந்த ஊரில் ஒரு சைவச் சோடி பிரிய நினைத்தாலும், கத்தோலிக்கச் சோடி பிரிய நினைத்தாலும், அவர்களை அளக்கிற கோல் சைவத்தினுடையதும் இல்லை, கத்தோலிக்கத்தினுடையதும் இல்லை. அது ஒல்லாந்துச் சீர்திருத்தத் திருச்சபையின் கோல். அதை நாங்கள் "எங்கட பண்பாடு" எண்டு சொல்லிக்கொண்டு காவித் திரியிறம்.

கண்டியிலும் சோனகதெருவிலும்

இதே தீவில் வேறு இரண்டு பாதைகளும் இருந்தன.

கண்டி இராச்சியத்தில் திருமணமும் பிரிவும் குடும்பங்களுக்கு இடையில் நடக்கிற விசயங்கள். பிரிவது கடினமாக இருக்கவில்லை. பிரித்தானியர் 1859 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் இதில் கைவைத்தார்கள். பல கணவர் முறையைத் தடை செய்தார்கள், பதிவைக் கட்டாயமாக்கினார்கள், பிரிவை நீதிமன்றத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். கண்டி மக்கள் அதற்கு எழுதிய பதில் சுலபமானது: பலர் பதியவே போகவில்லை. பழைய மாதிரிக் கட்டினார்கள், பழைய மாதிரிப் பிரிந்தார்கள். சட்டத்தின் கண்ணில் அந்தக் கலியாணங்கள் செல்லாதவை, பிள்ளைகளின் உரிமை சிக்கலில். பதினொரு வருடத்தில் அரசு இறங்கி வந்தது. 1870 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், சேர்ந்து சந்தோசமாக வாழ முடியவில்லை என்பதையே ஒரு காரணமாக ஏற்றது. அதுக்கு அளவுகோல் ஒரு வருடப் பிரிவு. நீதிமன்றம் ஏறத் தேவையில்லை, பதிவாளரே முடிவு செய்யலாம்.

அந்த வழியில் வந்த 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கக் கண்டியர் விவாக, விவாகரத்துச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கு. அதில் பரஸ்பர சம்மதம் தனியான ஒரு காரணம். கண்டிச் சட்டத்தின் கீழ் பதிந்த தம்பதி மாவட்டப் பதிவாளரிடம் போய் இருவரும் சம்மதம் என்று சொல்லலாம்.

முஸ்லிம்களுக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். காதி நீதிமன்றம் பார்க்கும். கணவன் சொல்கிற தலாக், மனைவி கேட்கிற பஸ்ஹு, குல்உ ஆகியவற்றோடு முபாரத் என்ற வடிவமும் இருக்கு. முபாரத் என்றால் இருவரும் விரும்பிப் பிரிதல். கொழும்புத்துறைக்கும் சோனகதெருவுக்கும் நடுவில் சில கிலோமீற்றர்தான். அங்கே ஒரு சோடிக்கு இருக்கிற வாசல் இங்கே இருக்கிற சோடிக்கு இல்லை.

இதைச் சொல்லி அந்த இரண்டு சட்டங்களையும் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. கண்டிச் சட்டத்தில் மனைவியின் விபசாரம் தனியாகவே போதும். கணவனின் விபசாரத்தோடு முறைகேடான உறவோ கொடுமையோ சேர வேண்டும். 1951 சட்டம் ஆண்களை மட்டுமே காதியாக நியமிக்கச் சொல்கிறது. அதை மாற்றச் சொல்லி முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். சம்மதம் இருக்கிற இடமெல்லாம் சமத்துவம் இருக்கு என்று அர்த்தமில்லை. ஆனால் சம்மதத்தை ஏற்றால் குடும்பமே குலைந்துபோகும் என்கிற பயத்துக்கு, ஒன்றரை நூற்றாண்டுக் கண்டி அனுபவம் ஒரு பதில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது தமிழருக்கு மட்டும் இழைக்கப்பட்ட அநீதி இல்லை. காலியிலோ நீர்கொழும்பிலோ பொதுச் சட்டத்தின் கீழ் கட்டிய சிங்களச் சோடிக்கும் இதே நிலைமைதான். மலையகத் தமிழருக்கும் இதேதான். பதியாமல் கோயிலில் தாலி கட்டின வழக்காற்றுத் திருமணமும் செல்லுபடியானதென்றால், அதையும் நீதிமன்றம்தான் முறிக்க வேண்டும்.

காணிக்குச் சம்மதம் தெரியும்

ஆனால் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு மட்டும் இந்தச் சட்டம் இன்னொரு முடிச்சும் போட்டிருக்கு. அது காணியில்.

1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பேரில் உள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். தாய் தந்த சீதனக் காணி எண்டாலும் வேண்டும். கணவனுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. 1923 இல் வந்த மணமான பெண்கள் ஆதனச் சட்டம் கொழும்புப் பெண்களைக் கணவனின் கையெழுத்திலிருந்து விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்ட தமிழருக்கு அது பொருந்தவில்லை.

கணவன் இல்லாத இடத்தில் என்ன செய்வது? அதற்கு 8 ஆம் பிரிவு இருக்கு. கணவன் கைவிட்டிருந்தால், சிறையில் இருந்தால், எங்கே இருக்கிறான் எண்டு தெரியாவிட்டால், நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்தால், பெண் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து அனுமதி வாங்கலாம். அந்தப் பட்டியலில் இன்னொரு சூழ்நிலையும் இருக்கு. கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்வது!

நூறு வருடத்துக்கு மேலாக இது சட்டப் புத்தகத்தில் கிடக்கு. யாழ்ப்பாணத்து மனிதர்கள் பேசிப் பிரிவார்கள் என்று 1911 இன் சட்டத்துக்கு நல்லாத் தெரியும். அந்தச் சோடியில் மனைவி காணி விற்க வந்தால் சட்டம் அவளின் பேச்சைக் கேட்கும். அதே சோடி "எங்களை விடுவியுங்கோ" எண்டு வந்தால், அதே நீதிமன்றம் "யார் குற்றவாளி?" என்று கேட்கும். காணிக்குச் செல்லுபடியாகிற சம்மதம் கலியாணத்துக்குச் செல்லுபடியாகாது.

எங்கட பக்கத்தில ஒரு அக்காவை எனக்குத் தெரியும். கணவர் வெளிநாட்டில. பல வருடமாக ஒன்றாக இல்லை, ஆனால் சண்டையும் இல்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்குக் காசு வரும், தொலைபேசியும் வரும். பிள்ளையின் படிப்புக்காகச் சீதன வளவில் ஒரு துண்டை விற்க வெளிக்கிட்டா. சட்டம் அவவிடம் இன்னும் ஒருவரின் மனைவி எண்டு சொல்லி அந்த ஒருவரின் கையெழுத்தைக் கேட்டது. அதுக்குப் பிறகுதான் அவ சொன்னா: "பிரிஞ்சது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். உறுதி எழுதுற நொத்தாரிசுக்கு மட்டும் தெரியாது."

ஏழு வருடம் என்ற கதவு

1977 இல் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அந்த ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் வழி வந்த மாற்றங்களில், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 608 ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவும் ஒன்று. நீதிமன்றம் பிரிந்து வாழ அனுமதித்துத் தீர்ப்புக் கொடுத்து 2 வருடம் போயிருந்தால், அல்லது அப்படித் தீர்ப்பு இல்லாமலே 7 வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால், விவாகரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது.

பலர் இதை வாசித்த விதம் இயல்பானது. ஏழு வருடம் பிரிந்திருந்தால் போதும், யாரிலும் குற்றம் சாட்டத் தேவையில்லை. 1984 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஒரு வழக்கில் அப்படித்தான் வாசித்தது. ஆனால் 1986 இல் உயர் நீதிமன்றம் அந்த வாசிப்பை ஏற்கவில்லை. நடவடிக்கைமுறைச் சட்டம் வழக்குப் போடுகிற முறையைத்தான் சொல்கிறது, புதிய காரணத்தை உருவாக்கவில்லை என்றது. விவாகரத்துக்கான காரணங்கள் 1907 இன் 19 ஆம் பிரிவில் உள்ளவை மட்டுமே. ஆகவே ஏழு வருடம் பிரிந்திருந்தாலும் ஒருவர் பக்கம் திருமணக் குற்றம் காட்டப்பட வேண்டும்.

இந்தத் தீர்ப்பு எந்தக் காலத்தில் வந்தது என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1983 க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வெளிக்கிட்டுக்கொண்டிருந்த காலம். லண்டன், ரொறன்ரோ, பரிஸ், ஒஸ்லோ. போனவர் பத்து வருடமாகத் திரும்பவில்லை. விசா இல்லை, பிறகு பாதை இல்லை, பிறகு மனமும் இல்லை. இவர் "தீய நோக்கோடு கைவிட்டவரா"? காசு அனுப்பிக்கொண்டிருந்தவரைக் கைவிட்டவர் எண்டு சொல்லலாமா? போர் பிரித்த குடும்பத்தில் குற்றவாளி யார்? அந்தக் கேள்விக்கு மூன்று காரணங்களுக்குள் பதில் இல்லை.

பெரும் பொய்

அப்ப நடைமுறையில் என்ன நடக்கிறது? பேசிப் பிரிகிற சோடிகள் எப்படித்தான் விவாகரத்து எடுக்கினம்?

இருவரில் ஒருவர் வழக்காளி ஆவார், மற்றவர் எதிராளி. வழக்குரையில் எதிராளி தீய நோக்கோடு கைவிட்டுப் போனார் என்று எழுதப்படும். நீதிமன்றங்கள் இந்தச் சொல்லைக் கொஞ்சம் விரித்திருக்கின்றன. வீட்டைவிட்டுப் போனவர் மட்டுமல்ல, மற்றவர் போகவேண்டி வருகிற மாதிரி நடந்தவரும் கைவிட்டவராகலாம். எதிராளிக்கு அழைப்பாணை போகும். அவர் வரமாட்டார், அல்லது வந்து எதிர்க்க மாட்டார். வழக்காளி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லுவார். முதலில் ஒரு நிபந்தனைத் தீர்ப்பு வரும். குறைந்தது 3 மாதம் கழித்து அது முடிவான தீர்ப்பாகும். வெளியில் இருந்து பார்த்தால் ஒரு வழக்கு. உள்ளுக்குள் அது ஒரு உடன்படிக்கை.

இதை வெளியில் சொல்லக்கூடாது. சொன்னால் வழக்கு போய்விடும். சட்டத்தரணிக்குத் தெரியும், சோடிக்குத் தெரியும், ஊகிக்கக்கூடிய எல்லாருக்கும் தெரியும். ஆனால் சத்தியம் செய்து சொல்ல வேண்டியது வேறு கதை.

வேடிக்கை என்னவெண்டால், இதே நாடகம் இந்தச் சட்டத்தைப் பெற்ற ஒல்லாந்திலும் நடந்தது. அங்கே 1883 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், விபசாரக் குற்றச்சாட்டை எதிராளி ஒத்துக்கொண்டால் அதையே ஆதாரமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு பிரிய விரும்பிய தம்பதிகள் செய்யாத விபசாரத்தைச் செய்ததாக ஒத்துக்கொண்டு விவாகரத்து வாங்கினார்கள். டச்சுக்காரர் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள்: பெரும் பொய். கிட்டத்தட்ட 90 வருடம் அந்தப் பொய்யோடு வாழ்ந்துவிட்டு, 1971 இல் சட்டத்தை மாற்றினார்கள். திருமணம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்பதே அங்கே இப்ப காரணம். இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். உரோமன் டச்சுச் சட்டத்தை எங்களைப் போலவே பெற்ற தென்னாபிரிக்காவும் 1979 இல் மாறிவிட்டது. கொடுத்தவரும் கைவிட்டாயிற்று, கூடப் பெற்றவரும் கைவிட்டாயிற்று. நாங்கள் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறம்.

பொய் சொன்னால் என்ன, அலுவல் முடியுதுதானே என்று கேட்கலாம். கேட்பவர்கள் இருக்கினம். ஆனால் அந்தப் பொய்க்கு விலை இருக்கு.

யார் வழக்காளி, யார் எதிராளி என்பதை யார் தீர்மானிப்பது? காசும் செல்வாக்கும் உள்ள பக்கம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும். "கைவிட்டவள்" என்று ஒரு தீர்ப்பில் எழுதப்பட்ட பெண் அந்தச் சொல்லை ஊருக்குள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? குற்றவாளியாகக் காணப்பட்டவரின் பராமரிப்புக் கோரிக்கையும் சொத்துக் கோரிக்கையும் பலவீனமாகலாம். பேசிப் பிரியத் தொடங்கியவர்கள் வழக்குரையில் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதியதை வாசித்த பிறகு உண்மையாகவே பகையாளி ஆன கதைகளும் இருக்கு. பிள்ளைகள் வளர்ந்து ஒருநாள் அந்தக் காகிதத்தை எடுத்து வாசிக்கக்கூடும். அப்பா எங்களை விட்டிட்டு ஓடினவர் எண்டு அதில இருக்கும்.

இதைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. மற்றவர் ஒத்துழைத்தால்தான் இந்த நாடகம் ஓடும். ஒத்துழைக்காவிட்டால் உண்மையான குற்றத்தை உண்மையாக நிரூபிக்க வேண்டும். சாட்சி, தவணை, சட்டத்தரணிக் கட்டணம், வருடங்கள். ஆகவே "நான் எதிர்க்காமல் இருக்கிறன், ஆனால் வீட்டை என் பேருக்கு எழுது" என்று பேரம் பேச இடம் கிடைக்கிறது. சட்டத்துக்குள் சம்மதம் இல்லாதபடியால், அது சட்டத்துக்கு வெளியே விலை பேசப்படுகிறது. அங்கே பார்த்துக்கொள்ள நீதிபதி இல்லை.

சம்மதத்தை எப்படிச் சட்டமாக்குவது

நியாயமான பயம் ஒன்று இருக்கு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எங்கட மாதிரிச் சமூகத்தில் "சம்மதம்" என்பது பெண்ணிடம் அழுத்தி வாங்குகிற கையெழுத்தாக மாறிவிடாதா? மாமியும் மைத்துனரும் சுற்றி நின்று "ஒப்பமிடு" எண்டால் அது சம்மதமா?

இதற்கு மற்ற இடங்கள் வழி கண்டிருக்கின்றன. இந்தியாவில் 1955 இந்து திருமணச் சட்டத்தில் ஆரம்பத்தில் பரஸ்பர சம்மதம் இல்லை. 1976 திருத்தத்தில் 13ஆ பிரிவாக வந்தது. குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். பிறகு 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் மறுபடி வந்து அதே விருப்பத்தைச் சொல்ல வேண்டும். இடையில் ஒருவர் மனம் மாறினால் நின்றுவிடும். அந்த 6 மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017 இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. படங்களில் நாங்கள் பார்க்கிற அந்தக் காட்சிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கு. கனடாவில் ஒரு வருடப் பிரிவு போதும். இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 இலிருந்து குற்றம் சாட்டவே தேவையில்லை. ஆக, கொழும்புத்துறையில் ஒன்றாகப் படித்த இரண்டு பேரில் ரொறன்ரோவில் குடியேறி வாழ்பவர் பொய் சொல்லாமல் பிரியலாம். ஊரில் இருப்பவர் சத்தியம் செய்து பொய் சொல்ல வேண்டும்.

சம்மதத்தை ஏற்கிற சட்டம் சம்மதத்தைச் சோதிக்கவும் முடியும். நீதிபதி இருவரையும் தனித்தனியே கேட்கலாம். பிள்ளைகளின் பொறுப்பும் பராமரிப்பும் எழுத்தில் தீர்ந்த பிறகே தீர்ப்பு என்று வைக்கலாம். பராமரிப்புக்கு 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் ஏற்கனவே இருக்கு. இப்போதைய முறையில் இந்தச் சோதனை எதற்கும் இடமில்லை. உடன்பாடு இருப்பதையே மறைக்க வேண்டியிருக்கும்போது, அது நியாயமான உடன்பாடா என்று யார் கேட்பது? பயம் பெண்களைப் பற்றியதென்றால், இருட்டில் நடக்கிற பேரத்தைவிட வெளிச்சத்தில் நடக்கிற சம்மதம்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

1911 இன் 6 ஆம் பிரிவும் கூடவே போக வேண்டும். கலியாணம் இருக்கும்போதும் ஒரு பெண்ணின் வளவு அவளுடையதுதான் என்றால், பிரியும்போது அந்தக் கையெழுத்து ஒரு ஆயுதமாகாது.

தேசவழமையை எழுதியவர்கள் பிரிந்து வாழ்கிற சோடியைக் கண்டார்கள், சொத்துக்கு மட்டும் விதி எழுதினார்கள். 1911 இல் எழுதியவர்கள் சம்மதத்தோடு பிரிந்தவர்களைக் கண்டார்கள், காணிக்கு மட்டும் விதி எழுதினார்கள். கண்டியில் மக்கள் பதிவுக்குப் போக மறுத்தபோது சட்டம் 11 வருடத்தில் இறங்கி வந்தது. நாங்கள் மறுக்கவில்லை. பொய்யைப் பழகிக்கொண்டோம், அது ஓடுகிறபடியால் சட்டத்துக்கும் அவசரமில்லை. அடுத்த முறை யாராவது "பேசிப் பிரிஞ்சிட்டினம்" எண்டு சொன்னால், கூண்டில் ஏறி என்ன சொன்னவை எண்டும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.